புகையிரதப் பாதையும் இராஜதந்திரமும்: நிறவெறித் தென்னாபிரிக்காவும் அதன் அயல்நாடுகளும், 1964–1994

1. பிரச்சினை

ஒரு நாட்டின் வெளிநாட்டுக் கொள்கையை அதன் தலைவர்களது பேச்சுக்களிலிருந்தும் அறிக்கைகளிலிருந்தும் விளக்க முற்படுவது நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கமாகும். தலைவர் துணிவுடையவராயின் கொள்கையும் துணிவுடையது, அவர் விலைபோனவராயின் கொள்கையும் விலைபோனது என்பது இவ்வழக்கத்தின் சாரம். இதற்கு எதிர்நிலையில் இன்னொரு விளக்கமும் உண்டு. சிறிய, வறிய நாடு ஒன்று வலிமைமிக்க அயலவரின் முன்னால் வேறென்னதான் செய்யமுடியும் என்று கேட்பது அது. முன்னையது ஒழுக்கவியல் தீர்ப்பு. பின்னையது 'யதார்த்தம்' என்ற பெயரில் வழங்கும் சரணாகதி. அரசுகளின் உறவுக்கு அடியிலே கிடக்கும் பொருளியல் உறவுகளை இவ்விரண்டும் ஆராய்வதில்லை.

1976 ஆகஸ்ட் மாதத்திலே கொழும்பில் கூடிய அணிசேரா நாடுகளின் ஐந்தாவது உச்சி மாநாடு, சொவெட்டோ மாணவர் எழுச்சி நிகழ்ந்து இரண்டு மாதங்களே கடந்திருந்த வேளையில், தென்னாபிரிக்காவின் நிறவெறி ஆட்சியைக் கண்டித்தது. எனினும், மாநாட்டு மண்டபங்களில் ஒரே குரலிற் பேசிய ஆபிரிக்க நாடுகள் தத்தம் தலைநகருக்குத் திரும்பியபின் ஒரே விதமாக நடந்துகொள்ளவில்லை. சில தம் எல்லையை மூடின. சில சுங்க வருமானத்தைப் பகிர்ந்துகொண்டன. ஒரு நாடு பிரிட்டோரியாவுடன் தூதுவர்களைப் பரிமாறிக்கொண்டது. இவ்வேறுபாடு எங்கிருந்து தோன்றியது என்பதே இக்கட்டுரையில் நாம் எழுப்பும் வினா.

இங்கு 'தென்னாபிரிக்கா' என்பது பிரிட்டோரியாவிலிருந்து ஆளப்பட்ட நாட்டையும், 'தென்பகுதி ஆபிரிக்கா' என்பது தான்சானியாவும் அதற்குத் தெற்கேயுள்ள நாடுகளும் அடங்கிய பிரதேசத்தையும் குறிக்கும். தென்னாபிரிக்கா அப்பிரதேசத்தின் பெருவல்லரசாக விளங்கியது. ஆயின் அவ்வல்லரசின் நியாயத்தன்மையை உலகின் பெரும்பகுதி ஏற்கவில்லை. அங்கீகரிக்கவும் முடியாத, தவிர்க்கவும் முடியாத அயலவராக அது இருந்தமையே இவ்வரலாற்றின் அடிப்படை முரண்பாடு எனலாம்.

2. அடித்தளம்: சுரங்கமும் பாதையும்

1886இல் விற்வாற்றர்ஸ்ராண்ட் பகுதியிலே தங்கம் கண்டுபிடிக்கப்பட்டது. அங்குள்ள தங்கம் ஆழத்திலே கிடந்தது. ஒரு தொன் பாறையிலிருந்து கிடைக்கும் அளவோ மிகச் சிறிது. தங்கத்தின் விலையைச் சுரங்க உடைமையாளரால் உயர்த்தவும் முடியாது. எனவே இலாபம் முழுவதும் மலிவான கூலி உழைப்பிலேயே தங்கியிருந்தது. அவ்வுழைப்பு மொசாம்பிக்கிலிருந்தும், இன்று லெசோத்தோ, பொட்ஸ்வானா, மலாவி எனப் பெயர்பெறும் அன்றைய பிரித்தானிய ஆட்சிப்பகுதிகளிலிருந்தும் ஒப்பந்த அடிப்படையில் திரட்டப்பட்டது. ஆண்கள் சுரங்கத்துக்குப் போயினர். மனைவி மக்கள் கிராமத்திலே தங்கினர். குடும்பத்தைப் பேணும் செலவையும், நோயுற்றுத் திரும்பும் தொழிலாளியைப் பேணும் செலவையும் கிராமமே ஏற்றது. மலிவு உழைப்புக்கும் நிறவெறி அமைப்புக்கும் உள்ள இத்தொடர்பை 1972இல் ஹரல்ட் வோல்ப் என்னும் தென்னாபிரிக்க மார்க்சியச் சமூகவியலாளர் தெளிவாக எடுத்துக்காட்டினார். மலையகத் தோட்டங்களுக்கு ஆள்சேர்த்த கங்காணி முறையின் வரலாற்றை அறிந்த நமக்கு இவ்வமைப்பின் தருக்கம் புதியதன்று. குடும்பத்தை உடன்வர விடாமை அதன் தனித்தன்மை.

இவ்வுழைப்புத் திரட்டல் அரசுகளுக்கிடையிலான உடன்படிக்கையாகவும் உருப்பெற்றது. 1928இல் போர்த்துக்கலும் தென்னாபிரிக்காவும் செய்த உடன்படிக்கை மொசாம்பிக் தொழிலாளரைச் சுரங்கங்களுக்கு உறுதிசெய்தது. அதற்கு ஈடாகத் திரான்ஸ்வாலின் சரக்குப் போக்குவரத்தில் ஒரு பங்கு லொரென்சோ மார்க்கேஸ் (இன்றைய மாபுத்தோ) துறைமுகத்துக்கு ஒதுக்கப்பட்டது. தொழிலாளியின் கூலியில் ஒரு பகுதி பிடித்துவைக்கப்பட்டு, பிற்காலத்தில் அது உத்தியோகபூர்வ விலையிலான தங்கமாகப் போர்த்துக்கலுக்கு வழங்கப்பட்டது. அதனைச் சந்தை விலையில் விற்று வந்த இலாபத்தைக் குடியேற்ற அரசு பெற்றது. தொழிலாளி உள்ளூர் நாணயத்திலே தன் கூலியைப் பெற்றான். மொசாம்பிக்கின் கவிஞை நோவெமியா டி சௌசா 'மகாயிஸா' என்னும் கவிதையிலே இச்சுரங்கத் தொழிலாளியையே பாடுபொருளாக்கினார். உடன்படிக்கைகள் எண்களாகக் கண்ட மனிதனை அங்கு இலக்கியம் மனிதனாகக் கண்டது.

புகையிரதப் பாதைகளும் இதே தருக்கத்தின்படி அமைந்தன. அவை சுரங்கத்திலிருந்து துறைமுகத்தை நோக்கி ஓடின. ஆபிரிக்க நாடொன்றை இன்னோர் ஆபிரிக்க நாட்டுடன் இணைப்பது அவற்றின் நோக்கமாக இருக்கவில்லை. 1964 ஒக்டோபர் 24இல் சாம்பியா விடுதலை பெற்றபோது அதன் ஏற்றுமதி வருமானத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் செப்பிலிருந்து வந்தது. அச்செப்போ வெள்ளைச் சிறுபான்மையினர் ஆண்ட ரொடீசியாவின் ஊடாகவே கடலை அடைந்தது. பெச்சுவானாலாந்து, பசுட்டோலாந்து, சுவாசிலாந்து என்பன 1910 முதல் தென்னாபிரிக்காவுடன் ஒரே சுங்க ஒன்றியத்தில் இருந்தன. பெச்சுவானாலாந்தின் நிருவாகத் தலைநகரான மபெக்கிங் 1965 வரை அந்நாட்டின் எல்லைக்கு வெளியே, தென்னாபிரிக்க மண்ணிலே இருந்தது. விடுதலை பெற்ற நாடுகளுக்குக் கொடியும் கீதமும் கிடைத்தன. பாதைகள் பழைய திசையிலேயே ஓடின.

3. மலாவியும் பொட்ஸ்வானாவும்

அடித்தளம் இவ்வாறிருக்க, வெளிநாட்டுக் கொள்கை அதிலிருந்து தானாகவே விளைந்ததா? இவ்வாறு கருதுவது மார்க்சியத்தைப் பொறிமுறை வாதமாகக் குறுக்கிவிடும். மலாவியையும் பொட்ஸ்வானாவையும் ஒப்புநோக்குவது இவ்விடத்திற் பயனுடையதாகும்.

மலாவிக்கும் தென்னாபிரிக்காவுக்கும் பொது எல்லை கிடையாது. ஆயினும் 1967இல் ஹேஸ்டிங்ஸ் பண்டாவின் அரசு பிரிட்டோரியாவுடன் முழு இராஜதந்திர உறவை ஏற்படுத்தியது. கறுப்பின ஆட்சியுடைய சுதந்திர ஆபிரிக்க நாடுகளுள் இவ்வாறு செய்தது அது ஒன்றே. 1970இல் தென்னாபிரிக்கப் பிரதமர் போஸ்டர் மலாவிக்கு வந்தார். 1971இல் பண்டா தென்னாபிரிக்கா சென்று அரசு மரியாதையுடன் வரவேற்கப்பட்டார். லிலொங்வேயில் புதிய தலைநகரை அமைப்பதற்கும், நக்காலாத் துறைமுகத்துக்கான புகையிரத இணைப்புக்கும் தென்னாபிரிக்கக் கடன் கிடைத்தது.

பொட்ஸ்வானாவின் நிலையோ முற்றிலும் வேறு. 1966 செப்டெம்பர் 30இல் விடுதலை பெற்றபோது அது தென்னாபிரிக்கா, அதன் பிடியிலிருந்த நமீபியா, ரொடீசியா ஆகியவற்றாற் சூழப்பட்டிருந்தது. கசுங்குலாவில் சம்பேசி ஆற்றின் ஒரு குறுகிய இடத்தில் மாத்திரமே அது சாம்பியாவைத் தொட்டது. அந்த எல்லையும் இல்லையென்று 1970இல் பிரிட்டோரியா வாதிட்டது. பொட்ஸ்வானா சுங்க ஒன்றியத்திலே இருந்தது. தென்னாபிரிக்க நாணயத்தையே வழங்கியது. தன் மண்ணைக் கெரில்லாப் போராளிகளின் தளமாக்க இடங்கொடுக்கவில்லை. ஆயினும் செரெட்சே காமாவின் அரசு பிரிட்டோரியாவுடன் தூதுவர்களைப் பரிமாற மறுத்தது. அகதிகளுக்குப் புகலிடம் அளித்தது. 1969இல் சுங்க ஒன்றியத்தின் வருமானப் பங்கீட்டைத் தனக்குச் சாதகமாகத் திருத்திக்கொண்டது. 1976 ஆகஸ்ட் 23இல் 'பூலா' என்னும் சொந்த நாணயத்தை வெளியிட்டது.

சூழப்பட்ட நாடு மறுத்தது. சூழப்படாத நாடு இணங்கியது. புவியியல் நிர்ப்பந்தம் மாத்திரம் கொள்கையைத் தீர்மானிப்பதாயின் இது தலைகீழாக நிகழ்ந்திருத்தல் வேண்டும். எனவே ஆளும் வர்க்கங்களின் தன்மையை நாம் நோக்கவேண்டியுள்ளது. மலாவியில் அதிகாரம் பண்டாவைச் சூழ்ந்த ஒரு சிறு குழுவிடம் திரண்டது. பெருந்தோட்டப் புகையிலையும் வெளிநாடு சென்ற தொழிலாளரின் பணமும் அதன் பொருளியல் ஆதாரங்கள். உள்நாட்டில் எதிர்ப்பை ஒடுக்கிய அவ்வாட்சிக்கு வெளியே தென்னாபிரிக்க மூலதனம் இயல்பான துணையாயிற்று. பொட்ஸ்வானாவின் ஆளும் வர்க்கமும் சோசலிச வர்க்கமன்று. அது கால்நடை உடைமையாளரின் வர்க்கம். ஆனால் அதன் மாட்டிறைச்சி பிரித்தானிய, ஐரோப்பியச் சந்தைகளுக்குச் சென்றது. 1971 முதல் ஒராபாவில் எடுக்கப்பட்ட வைரம் அரசுக்குத் தனி வருமானத்தைத் தந்தது. நிறவேற்றுமையற்ற குடியரசு என்ற பெயர் அதற்கு மேலைநாட்டு உதவியையும் பாதுகாப்பையும் பெற்றுத்தந்தது. ரூத் வில்லியம்ஸ் என்ற வெள்ளையினப் பெண்ணை மணந்த காரணத்துக்காக, தென்னாபிரிக்காவின் மனங்கோணாதிருக்க விரும்பிய பிரித்தானிய அரசாற் சொந்த நாட்டிலிருந்தே விலக்கிவைக்கப்பட்டவர் செரெட்சே காமா. அவருடைய தனிப்பட்ட வரலாறும் அவரது வர்க்கத்தின் நலனும் இங்கு ஒரே திசையில் இயங்கின.

பொட்ஸ்வானாவை இலட்சிய நாடாகச் சித்திரிப்பது நம் நோக்கமன்று. தென்னாபிரிக்காவிலிருந்து 1964இல் வெளியேறிச் செரோவேயிற் குடியேறிய எழுத்தாளர் பெசி ஹெட், நாடற்ற அகதியாக 15 ஆண்டுகள் காத்திருந்து 1979இலேயே அந்நாட்டின் பிரசாவுரிமையைப் பெற்றார். புகலிடம் கொடுத்த அரசே புகலடைந்தோரை ஐயத்துடன் நோக்கியது. சிறிய அரசின் அச்சம் இராஜதந்திர அறிக்கைகளிற் புலப்படாது; அகதியின் நாளாந்த வாழ்விலேயே அது புலப்படும்.

மலாவியின் இணக்கத்துக்கும் ஒரு மறுபக்கம் உண்டு. 1974 ஏப்ரலில் சுரங்கத் தொழிலாளரை ஏற்றிச்சென்ற விமானம் பிரான்சிஸ்டவுனில் வீழ்ந்து எழுபதுக்கும் மேற்பட்ட மலாவியர் இறந்தபோது, பண்டா ஆள்திரட்டலை நிறுத்தினார். அக்காலத்திற் சுரங்கங்களில் நூறாயிரத்துக்கும் மேற்பட்ட மலாவியர் பணியாற்றினர். இந்நிறுத்தம் சுரங்க உடைமையாளரைத் தம் நாட்டினுள்ளேயே கூடுதலாக ஆள்தேடவும் கூலியை உயர்த்தவும் தூண்டிய காரணங்களுள் ஒன்றாயிற்று. மிகவும் பணிந்து நின்ற அரசின் கையிலும் ஒரு பலம் இருந்தது என்பதனை இது காட்டுகின்றது. அப்பலத்தை ஓர் அரசியற் கருவியாகத் தொடர்ந்து பயன்படுத்தும் விருப்பமே அங்கு இருக்கவில்லை.

4. சாம்பியாவின் பாதை

1965 நவம்பர் 11இல் ரொடீசியாவின் வெள்ளைச் சிறுபான்மையினர் ஒருதலைப்பட்சமாகச் சுதந்திரப் பிரகடனம் செய்ததும் சாம்பியாவின் நெருக்கடி தொடங்கியது. பொருளாதாரத் தடையை ஐ.நா. விதித்தது; அதன் சுமையிற் பெரும்பகுதியை ரொடீசியாவின் அயல்நாடான சாம்பியா சுமந்தது. அதன் புகையிரதப் பாதை மட்டுமன்றி, நிலக்கரியும் கரிபா அணையின் மின்சாரமும் எல்லைக்குத் தெற்கிலிருந்தே வந்தன.

இதற்கு மாற்றாகத் தான்சானியாவின் டார்-எஸ்-சலாம் துறைமுகத்துக்கு ஒரு பாதை அமைக்கும் யோசனையை மேலை நாடுகளும் உலக வங்கியும் இலாபந் தராதது எனக் கூறி நிராகரித்தன. 1967இல் சீனா அதனை ஏற்றது. வட்டியில்லாக் கடனுதவியுடன் 1970இல் தொடங்கி 1975இற் பாதை முடிக்கப்பட்டது. 1976 ஜூலையிற் கையளிக்கப்பட்ட அதன் நீளம் 1,860 கிலோமீற்றர். சீனத் தொழிலாளர் பல்லாயிரவரும் அவர்களோடு தான்சானிய, சாம்பியத் தொழிலாளரும் உழைத்த அப்பணியிற் பலர் உயிரிழந்தனர். கணக்காளர் நோக்கில் அது இலாபமற்ற முதலீடாக இருக்கலாம். ஆனால் வெளிநாட்டுக் கொள்கை ஒன்றைச் சொல்லளவிலிருந்து செயலளவுக்குக் கொண்டுவரும் செலவு வங்கிக் கணக்கிற் சரியாகப் பதிவாவதில்லை.

சாம்பியாவின் எதிர்ப்பும் முரண்பாடற்றதன்று. 1973 ஜனவரியில் ரொடீசியா எல்லையை மூடிப் பின்னர் திறக்க முன்வந்தபோது, கென்னத் கவுண்டா திறக்க மறுத்தார். செப்பின் விலை 1975இல் வீழ்ந்தது. புதிய பாதையும் டார்-எஸ்-சலாம் துறைமுகமும் எதிர்பார்த்த அளவு சரக்கைக் கையாளவில்லை. 1978 ஒக்டோபரில் உரம் இறக்குமதி செய்வதற்காகத் தென்பாதையை மீண்டும் திறக்க நேர்ந்தது. இதற்கிடையில் 1975 ஆகஸ்டில் விக்டோரியா நீர்வீழ்ச்சிப் பாலத்தின் மேல் நிறுத்தப்பட்ட புகையிரதப் பெட்டி ஒன்றில், ரொடீசியப் பிரச்சினை குறித்து நடந்த பேச்சுவார்த்தையைக் கவுண்டாவும் போஸ்டரும் கூட்டாக முன்னின்று நடத்தினர். அப்பேச்சு தோல்வியுற்றது. அதே மாதங்களிற் பிரிட்டோரியாவின் படைகள் அங்கோலாவினுள் நுழைந்துகொண்டிருந்தன.

பேச்சுவார்த்தையில் ஈடுபட்டமைக்காகக் கவுண்டாவைக் குறைகூறுதல் எளிது. 1969 ஏப்ரலில் வெளியான லூசாக்கா அறிக்கை இதற்கான கோட்பாட்டை முன்னரே வகுத்திருந்தது. சமாதான வழியே விரும்பத்தக்கது, அது அடைக்கப்படின் ஆயுதப் போராட்டத்துக்கு ஆதரவு வழங்கப்படும் என்பது அதன் சாரம். பேச்சு நடத்துவது கொள்கைத் துரோகமாகாது. எந்தப் பலத்தில் நின்று பேசுகிறோம் என்பதே வினா. 1975இற் சாம்பியாவின் பலம் அதன் செப்பைப் போலவே விலை குறைந்திருந்தது.

5. தனித்து நிற்றலும் கூடி நிற்றலும்

1974 ஏப்ரல் 25இல் லிஸ்பனில் நிகழ்ந்த புரட்சி பிரதேசத்தின் முழுச் சமநிலையையும் மாற்றியது. 1975 ஜூன் 25இல் மொசாம்பிக்கும், நவம்பர் 11இல் அங்கோலாவும் விடுதலை பெற்றன. அங்கோலாவின் முதல் சனாதிபதி அகஸ்தீனோ நெட்டோ ஒரு கவிஞர். இக்காலத்திலே தான்சானியா, சாம்பியா, பொட்ஸ்வானா, மொசாம்பிக், அங்கோலா ஆகியன 'முன்னரங்க நாடுகள்' எனக் கூடிச் செயற்படத் தொடங்கின. இவ்வமைப்புக்கு முறையான யாப்போ செயலகமோ கிடையாது. தலைவர்கள் கூடிப் பேசி உடன்பட்டனர்; ஜூலியஸ் நைரேரே தலைமை வகித்தார். ஒரு நாடு தனித்து நின்றால் அதனை விலைகொடுத்தோ அச்சுறுத்தியோ பிரித்தெடுக்கலாம் என்பதை அனுபவம் அவர்களுக்குக் கற்பித்திருந்தது.

1979இற் பிரிட்டோரியாவில் பி. டபிள்யூ. போத்தாவின் அரசு தென்பகுதி ஆபிரிக்க நாடுகளின் 'விண்மீன் கூட்டம்' ஒன்றை முன்மொழிந்தது. தென்னாபிரிக்காவை நடுவிலும் அயல்நாடுகளைச் சுற்றிலும் வைத்து அமைக்கப்பட்ட பொருளாதாரத் திட்டம் அது. ரொடீசியாவில் தனக்கு இணக்கமான ஆட்சி அமையும் என்பது அதன் எதிர்பார்ப்பு. 1980இன் தேர்தலில் றொபேர்ட் முகாபேயின் கட்சி வென்றதும் அவ்வெதிர்பார்ப்பு தகர்ந்தது. 1980 ஏப்ரல் 1இல் லூசாக்காவிற் கூடிய ஒன்பது நாடுகள் தென்பகுதி ஆபிரிக்க அபிவிருத்தி ஒருங்கிணைப்பு மாநாட்டை நிறுவின. தென்னாபிரிக்காவிற் தங்கியிருப்பதைக் குறைத்தல் அதன் முதல் நோக்கம். போக்குவரத்து அதன் முதல் துறை. தூதுவரை வைத்திருந்த மலாவியும், சூழப்பட்ட லெசோத்தோவும், சுவாசிலாந்தும் இதில் இணைந்தமை குறிப்பிடத்தக்கது. எதிர்ப்பின் அளவில் வேறுபட்ட நாடுகள் பாதையின் தேவையில் ஒன்றுபட்டன.

இம்முயற்சியின் முக்கியத்துவத்தை அதன் எதிரி நன்கு உணர்ந்திருந்தது. ரொடீசிய உளவுத்துறை உருவாக்கி, 1980இல் தென்னாபிரிக்க இராணுவத்திடம் கைமாறிய ரெனாமோ இயக்கம் மொசாம்பிக்கின் புகையிரதப் பாதைகளையும் பாலங்களையும் இலக்காகக் கொண்டமை தற்செயலன்று. கடலுக்குச் செல்லும் குறுகிய வழிகள் அறுக்கப்பட்டால் சரக்கு மீண்டும் டர்பனை நோக்கியே செல்லும். 1980 முதல் 1984 வரையான சேதத்தை ஒருங்கிணைப்பு மாநாடு ஏறத்தாழ 1,000 கோடி அமெரிக்க டொலர் எனக் கணக்கிட்டது. இதில் ஒரு கசப்பான முரண் உண்டு. பெய்ராவுக்கும் நக்காலாவுக்கும் செல்லும் பாதைகள் 1980களின் நடுப்பகுதியில் முடங்கியபோது மிகுந்த இழப்புக்கு உள்ளான நாடுகளுள் ஒன்று, பிரிட்டோரியாவின் நண்பனாகிய மலாவி. நக்காலா இணைப்புக்குக் கடன் தந்த கையே அப்பாதையை அறுத்தோருக்கு ஆயுதமும் தந்தது. 1987இல் மலாவி தன் படைகளையே நக்காலாப் பாதையின் காவலுக்கு அனுப்பியது. பணிவு பாதுகாப்பைத் தரும் என்ற 'யதார்த்த' வாதத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை.

6. என்கொமாட்டி

முற்போக்காளரிடையே மிகுந்த விவாதத்துக்கு உள்ளானது 1984 மார்ச் 16இல் மொசாம்பிக்கின் சமோரா மாஷெலும் தென்னாபிரிக்காவின் போத்தாவும் எல்லையிலுள்ள என்கொமாட்டி ஆற்றங்கரையிற் கைச்சாத்திட்ட உடன்படிக்கையாகும். ஒரு நாடு மற்றைய நாட்டுக்கு எதிரான தாக்குதலுக்குத் தன் மண்ணைப் பயன்படுத்த இடமளிக்கக்கூடாது என்பது அதன் மையம். மொசாம்பிக் ஆபிரிக்கத் தேசிய காங்கிரசின் உறுப்பினருட் பெரும்பாலோரை வெளியேற்றியது. தென்னாபிரிக்கா ரெனாமோவுக்கு அளித்த ஆதரவைக் கைவிடவேண்டியிருந்தது.

இதனைத் துரோகம் எனச் சிலர் கண்டித்தனர். அவ்வாறு கூறுமுன் அன்றைய நிலையை நாம் கணக்கெடுத்தல் வேண்டும். ரொடீசிய விடுதலைப் போருக்காக 1976இல் எல்லையை மூடி மொசாம்பிக் பெருநட்டமடைந்திருந்தது. 1975இல் நூறாயிரத்துக்கு மேலிருந்த மொசாம்பிக் சுரங்கத் தொழிலாளர் தொகையைத் தென்னாபிரிக்கா சில ஆண்டுகளில் ஏறத்தாழ 40,000 ஆகக் குறைத்தது. 1978இற் பழைய தங்க ஏற்பாட்டையும் முடிவுறுத்தியது. 1981இற் சோசலிச நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பிற் சேர மொசாம்பிக் விண்ணப்பித்தது, ஏற்கப்படவில்லை. 1983, 1984ஆம் ஆண்டுகளின் வரட்சியும் பஞ்சமும் பல்லாயிரவரைப் பலிகொண்டன. மாபுத்தோவின் புறநகரான மட்டோலா 1981 ஜனவரியிலே தாக்கப்பட்டிருந்தது. மொசாம்பிக் சுரங்கத் தொழிலாளர் குறித்த பேராய்வை வழிநடத்திய ரூத் பெர்ஸ்ட், 1982 ஆகஸ்ட் 17இல் எட்வார்டோ மொண்ட்லானே பல்கலைக்கழகத்தில், தமக்கு வந்த அஞ்சலில் வைக்கப்பட்டிருந்த குண்டு வெடித்துக் கொல்லப்பட்டார். அடித்தளத்தை ஆராய்வதும் அபாயமான தொழிலாகவே அங்கு இருந்தது.

எனவே பேச வந்தமையில் மாஷெலின் தவறு இருப்பதாக நாம் கருதவில்லை. உடன்படிக்கையின் குறைபாடு அதன் நடைமுறையாக்கத்தில் இருந்தது. மொசாம்பிக் தந்தது கண்ணுக்குத் தெரிவது: வெளியேற்றப்பட்ட மனிதர், மூடப்பட்ட அலுவலகங்கள். தென்னாபிரிக்கா தரவேண்டியதோ மறைவானது: இரகசிய விமானங்களையும் வானொலித் தொடர்புகளையும் நிறுத்துதல். அதனைச் சரிபார்க்கும் பலம் மொசாம்பிக்கிடம் இருக்கவில்லை. 1985 ஆகஸ்டில் சிம்பாப்வே, மொசாம்பிக் படைகள் கொரொங்கோசாவிலுள்ள ரெனாமோ தலைமையகத்தைக் கைப்பற்றியபோது கிடைத்த நாட்குறிப்புகள், உடன்படிக்கைக்குப் பின்னரும் தென்னாபிரிக்க உதவி தொடர்ந்தமையை வெளிப்படுத்தின. 1986 ஒக்டோபர் 19இல் மாஷெலின் விமானம் தென்னாபிரிக்க மண்ணில் வீழ்ந்து அவர் இறந்தார். மொசாம்பிக்கின் போர் 1992 ஒக்டோபர் 4வரை நீடித்தது. பலங்குன்றிய தரப்பு முதலிற் கொடுத்துப் பின்னர் பெறக் காத்திருக்கும் உடன்படிக்கை, மற்றத் தரப்பின் நல்லெண்ணத்தையே பிணையாகக் கொள்கின்றது. நிறவெறி ஆட்சியின் நல்லெண்ணம் எத்தகைய பிணை என்பதை மொசாம்பிக் மக்கள் தம் உயிரால் அறிந்தனர்.

7. லெசோத்தோவும் 1994இன் பின்னும்

எல்லாப் பக்கமும் தென்னாபிரிக்காவாற் சூழப்பட்ட லெசோத்தோ இவ்வரலாற்றின் எல்லைக்கோட்டைக் காட்டுகின்றது. விடுதலைக் காலத்தில் பிரிட்டோரியாவுடன் இணக்கமாக நடந்த பிரதமர் லெயபுவா ஜொனாதன், 1970களில் உள்நாட்டு ஆதரவை இழந்த நிலையில், நிறவெறிக்கு எதிரான குரலாக மாறினார். 1982 டிசெம்பர் 9இல் தலைநகர் மசேருவைத் தென்னாபிரிக்க அதிரடிப்படை தாக்கி 42 பேரைக் கொன்றது. 1986 ஜனவரித் தொடக்கத்தில் எல்லை முற்றுகையிடப்பட்டது, ஜனவரி 20இல் இராணுவம் ஜொனாதனைக் கவிழ்த்தது, ஆபிரிக்கத் தேசிய காங்கிரஸ் உறுப்பினர் நாடுகடத்தப்பட்டனர், முற்றுகை நீங்கியது. அதே ஆண்டு ஒக்டோபர் 24இல் லெசோத்தோவின் மலைநீரைத் தென்னாபிரிக்காவின் தொழிற்பிரதேசத்துக்குக் கொண்டுசெல்லும் உடன்படிக்கை கைச்சாத்தானது. நீண்டகாலம் இழுபட்ட பேச்சுவார்த்தை ஒன்று, ஆட்சி மாறி ஒன்பது மாதங்களில் முற்றுப்பெற்றது.

நிறவெறி ஆட்சியின் வீழ்ச்சிக்குப் பல காரணங்கள் ஒன்றுசேர்ந்தன. 1984 முதல் உள்நாட்டில் எழுந்த மக்கள் போராட்டம், 1985இல் வெளிநாட்டு வங்கிகள் கடனைப் புதுப்பிக்க மறுத்தமை, 1987–88இல் குய்ட்டோ குவானவாலேயில் அங்கோலா, கியூபாப் படைகளின் எதிர்ப்பால் தென்னாபிரிக்க முன்னேற்றம் தடைப்பட்டமை என்பன அவற்றுள் முதன்மையானவை. 1988 டிசெம்பர் 22இல் நியூயோர்க்கில் செய்யப்பட்ட உடன்படிக்கையின் விளைவாக 1990 மார்ச் 21இல் நமீபியா விடுதலை பெற்றது. என்கொமாட்டியையும் நியூயோர்க்கையும் ஒப்பிடுவோர் ஒன்றைக் கவனிக்கலாம்: இரண்டாவதில் எதிர்த்தரப்பு பலத்துடன் மேசைக்கு வந்திருந்தது.

1994இல் நெல்சன் மண்டேலாவின் தலைமையில் மக்களாட்சி மலர்ந்தது. அதே ஆண்டில், ஒருகாலத்தில் தென்னாபிரிக்காவிலிருந்து விடுபடவென அமைக்கப்பட்டு 1992இல் அபிவிருத்திச் சமூகமாக மாறிய அமைப்பில் தென்னாபிரிக்காவே உறுப்பு நாடாயிற்று. இது மகத்தான வெற்றி. ஆயின் பிரச்சினையின் முடிவன்று. 1998 செப்டெம்பர் 22இல், தேர்தல் தகராறால் எழுந்த குழப்பத்தை அடக்கவெனத் தென்னாபிரிக்கப் படைகள் லெசோத்தோவினுட் புகுந்தன. பொட்ஸ்வானாவின் படைகளும் அவற்றோடு சேர்ந்தன. கட்சே அணையிற் காவலிலிருந்த லெசோத்தோ இராணுவத்தினர் பலர் கொல்லப்பட்டனர். 1986இல் உடன்படிக்கையான நீர் 1998இற் படைகொண்டு காக்கப்பட்டது. ஆட்சியின் நிறம் மாறியது. நீர் ஓடும் திசை மாறவில்லை.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றிலிருந்து மூன்று முடிவுகளுக்கு நாம் வரலாம்.

முதலாவதாக, வல்லரசான அயலவரின் நிர்ப்பந்தம் உண்மையானது. அது தலைவர்களின் மனப்பான்மையாற் படைக்கப்பட்டதன்று. சுரங்கம், பாதை, சுங்கம், நாணயம் என்பவற்றின் வழியே ஒரு நூற்றாண்டாகக் கட்டப்பட்டது. இதனை மறந்து சிறிய நாடுகளுக்குத் தீர்ப்பு வழங்குவோர், விலையைத் தாம் செலுத்தாமலே வீரத்தை எதிர்பார்க்கின்றனர்.

இரண்டாவதாக, அந்நிர்ப்பந்தத்துக்குள்ளே தெரிவுக்கு இடமுண்டு. அந்த இடம் எத்துணைச் சிறிதாயினும் அதனை யார், எந்த வர்க்கத்தின் நலனுக்காகப் பயன்படுத்துகின்றனர் என்பதிலேயே மலாவியும் பொட்ஸ்வானாவும் வேறுபட்டன. 'வேறு வழியில்லை' என்று கூறும் அரசினிடம், யாருக்கு வழியில்லை என்று கேட்பது ஆய்வாளனின் கடமை.

மூன்றாவதாக, அவ்விடத்தை விரிவாக்கப் பேச்சுத்திறன் மாத்திரம் போதாது. மாற்றுப் பாதை, சொந்த நாணயம், கூட்டாகப் பேரம்பேசும் அமைப்பு என்னும் பொருளியல் ஆதாரங்களே அதனை விரிவாக்கின. அவை உடனடி வெற்றியைத் தரவில்லை. சில வேளைகளில் எதிரியின் தாக்குதலையும் வரவழைத்தன. ஆயினும் அவை இல்லாதவிடத்துக் கண்டனத் தீர்மானங்கள் மண்டபத்துக்கு வெளியே பயனற்றுப் போயின.

பெரிய அயலவர் ஒருவரின் நிழலில் வாழும் எல்லா நாடுகளுக்கும் தென்பகுதி ஆபிரிக்காவின் அனுபவம் அப்படியே பொருந்தும் என நாம் வாதிடவில்லை. ஒவ்வொரு பிரதேசத்தின் அடித்தளமும் தனித்தனியே ஆராயப்படவேண்டியது. ஆனால் ஆராய்ச்சி எங்கிருந்து தொடங்கவேண்டும் என்பதில் ஐயமில்லை. தூதுவர்கள் கைகுலுக்கும் மண்டபத்திலிருந்து தொடங்கும் வரலாறு, ஒப்பந்தத்தின் பெயரால் சுரங்கத்துக்குச் சென்றவனையும், வெளியேற்றப்பட்ட அகதியையும், அணைக்காவலில் இறந்தவனையும் இறுதிவரை சந்திப்பதில்லை. அவர்களிடமிருந்து தொடங்கினால், அந்த மண்டபத்தில் நடந்ததையும் நாம் தெளிவாக விளங்கிக்கொள்ளலாம்.